பணம் அனுப்பும் ஆப்பில் பட்டன்களை ஏன் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

காவிரிக்கரையான் (கேள்வி)

வணக்கம். ஆப் டிசைன் வேலையில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் சிலர் உண்டு, முக்கியமாக அவர்களிடம்தான் கேட்கிறேன். மற்றவர்களும் சொல்லலாம்.

என் அத்தை மன்னார்குடிப் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். 60 தாண்டிவிட்டது. தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான். யூபிஐ வந்த புதிதில் தொடவே பயந்தவர், இப்போது மொத்த வியாபாரிக்குப் பணம் போடுவது, கரண்ட் பில், பேத்திக்கு ரீசார்ஜ் என்று எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். ஆனால் அவர் ஆப்பைப் படித்துப் பயன்படுத்துவதில்லை, இடத்தை வைத்துத்தான் பயன்படுத்துகிறார். மேலே இடது பக்கம் இரண்டாவது வட்டம் என்றால் மொத்த வியாபாரி, கீழே நடுவில் இருப்பது ஸ்கேன், அவ்வளவுதான் அவருக்கு ஆப்.

போன மாதம் ஒரு அப்டேட். அந்த இரண்டாவது வட்டம் இருந்த இடத்தில் "உடனடிக் கடன்" வந்து உட்கார்ந்துவிட்டது. பழக்கத்தில் அங்கேயே தட்டியிருக்கிறார், பான் எண் கேட்கும் பக்கம் திறந்திருக்கிறது, வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துவிட்டு எனக்குப் போன்: "தம்பி, யாரோ என் பணத்தை எடுக்கப் பாக்குறாங்கடா!" எவனும் எடுக்கவில்லை, அது ஆப்பே காட்டும் விளம்பரம் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதில் எனக்குப் புரியாத இன்னொன்று. பின் நம்பர் போடும் பக்கத்தில் மட்டும் அத்தைக்குக் குழப்பமே வருவதில்லை. என் போனில் வேறு ஆப், அதைக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடி போடாமலே அழுத்திவிடுகிறார். அந்த ஒரு பக்கம் மட்டும் எப்படி எல்லா ஆப்பிலும் ஒரே மாதிரி இருக்கிறது? அதை அப்படி வைக்க முடியும் என்றால் முதல் பக்கத்தை ஏன் வைக்க முடியவில்லை? அப்புறம், அத்தைக்காக நான் போனில் செய்து வைக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

படம்வரைபவன்

பெங்களூரில் இதே மாதிரி ஒரு பணம் அனுப்பும் ஆப்பில் டிசைனராகச் சில வருடம் இருந்தேன் (எது என்று கேட்காதீர்கள்), அதனால் உள்ளே நடப்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பின் பக்கம். மேலே வங்கியின் பெயரும் யூபிஐ சின்னமும், யாருக்கு, எவ்வளவு என்று ஒரு பட்டை, நடுவில் நான்கோ ஆறோ கோடுகள், கீழே எண்கள், வலது மூலையில் ஒரு டிக். அது ஆப்பின் பக்கமே இல்லை. யூபிஐயை நடத்தும் நிறுவனமான என்பிசிஐ எல்லா ஆப்களுக்கும் கொடுக்கும் பொது நிரல் அது, ஆப்புக்குள் அப்படியே வைக்க வேண்டும். நீங்கள் போடும் எண் அங்கேயே பூட்டப்பட்டு வங்கிக்குப் போகிறது, ஆப்பை எழுதியவருக்குக்கூட அது தெரியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. அதனால் எங்கள் கம்பெனியில் யாரும் அதன் நிறத்தைக்கூடத் தொட முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்தைப் பார்த்து "எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது" என்று எல்லோரும் சிரிப்போம். ஆனால் 2016-ல் யூபிஐ வந்ததிலிருந்து பெரிதாக மாறாமல் இருப்பது அது ஒன்றுதான், ஊரே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதும் அதைத்தான்.

முதல் பக்கத்தின் கதை வேறு, அது காசு சம்பந்தப்பட்டது. 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ பரிவர்த்தனைக்குக் கடைக்காரரிடம் வழக்கமாக எடுக்கும் கமிஷன் கிடையாது. உங்கள் அத்தை மொத்த வியாபாரிக்குப் பணம் போடுவதால் ஆப்புக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காது, சர்வர் செலவுதான். வருமானம் கடனில், காப்பீட்டில், தங்கத்தில், ரீசார்ஜ் கட்டணத்தில். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு டீம், ஒவ்வொரு டீமுக்கும் மூன்று மாத இலக்கு. முதல் பக்கத்தில் கட்டைவிரல் எளிதாகப் போகும் இடம் கொஞ்சம்தான், அந்த இடத்துக்கு இத்தனை பேரும் சண்டை. நாங்கள் உட்கார்ந்து பேசும் மீட்டிங்குகளில் பாதி, "எங்கள் வட்டத்தை மேல் வரிசைக்கு எப்போது கொண்டுவருவீர்கள்" என்பதுதான்.

அப்புறம் பரிசோதனை. பயனர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் புதிய அமைப்பைக் காட்டுவார்கள், மீதிப் பேருக்குப் பழையது. அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் போனில் ஒரே ஆப் வேறு வேறு மாதிரி இருக்கும், போனில் வழி சொல்லவே முடியாது. கடன் வட்டத்தை மேலே வைத்தால் அதைத் தட்டுபவர்கள் கூடுவார்கள். கூடினால் வெற்றி. உங்கள் அத்தை பயந்துபோய்த் தட்டியதும் அந்த வெற்றிக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும், ஏனென்றால் தட்டினார் என்பது பதிவாகும், வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு உங்களுக்குப் போன் போட்டார் என்பது எங்கும் பதிவாகாது. இதை நான் மீட்டிங்கில் சொன்னதுண்டு. "அதை எப்படி அளப்பது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

ஈரோடு செல்கடை

இந்தப் பிரச்சினை எங்கள் கடைக்குத் தினமும் வருகிறது. டெம்பர் கிளாஸ் மாற்ற வருகிறவர்கள் அப்படியே "தம்பி, அந்த ஸ்கேன் பண்றத முன்ன மாதிரி வெச்சுக் குடு" என்பார்கள். பலசரக்குக் கடையில் வாரா வாரம் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தால் வேலைக்காரப் பையன் ஓடிவிடுவான், இங்கே ஓட வழியில்லாததால் நம்மிடம் வருகிறார்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் இதைச் செய்து கொடுங்கள். ஆப் ஐகானைத் திறக்காமல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சின்ன மெனு வரும், பெரும்பாலான யூபிஐ ஆப்களில் அதில் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும். அதையே இன்னொரு முறை அழுத்திப் பிடித்து வெளியே இழுத்து ஹோம் ஸ்க்ரீனில் விட்டுவிடலாம், தனி ஐகானாக உட்கார்ந்துகொள்ளும். இனி ஆப்பின் முதல் பக்கம் தலைகீழாக மாறினாலும் அத்தைக்குக் கவலையில்லை, நேராகக் கேமராதான் திறக்கும். மொத்த வியாபாரியின் கியூஆர் அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், பெயரைத் தேடும் வேலையே வேண்டாம். நான் சொல்லி நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். சீட்டுக்காரர், பால்காரர், கேஸ் என்று வரிசையாகச் சுவரில் இருக்கும்.

ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டினால் நிறுத்தலாம், ஆனால் பணம் சம்பந்தப்பட்ட ஆப்பில் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடுதான் வரும், தவிர கொஞ்ச நாளில் அப்டேட் செய்யாமல் உள்ளேயே விடாது.

கடையில் பேசும் பெட்டி இருக்கிறதா? இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பணம் வந்ததா என்று பார்க்க அவர் ஆப்பைத் திறக்கவே தேவையில்லை, தொகையைத் தமிழிலேயே சொல்லிவிடும். வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக்கை நம்புவதும் ஆபத்து, அச்சு அசலாக அதே மாதிரி பொய்த் திரை காட்டுகிற ஆப் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் இத்தனை வருடத்தில் பணம் கட்டுகிற விஷயத்தில் வந்த நல்ல டிசைன் அந்தப் பெட்டிதான், அதில் ஸ்க்ரீனே தேவையில்லை.

சொல்லடுக்கு

ஆப்களைத் தமிழ்ப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். கேள்விக்காரர் அத்தையின் ஆப்பைத் தமிழில் வைத்திருக்கிறாரா என்று சொல்லவில்லை, வைக்கப் போகிறார் என்றால் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்.

பட்டனுக்குள் இடம் போதாவிட்டால் ஆப் கடைசி எழுத்துகளை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். ஆங்கிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிடும், வால் போனாலும் பாதகமில்லை. நமக்கு வினை கடைசியில். "வங்கிக் கணக்கிற்கு அனுப்பு", "வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்", "வங்கிக் கணக்கை நீக்கு" என்று மூன்று பட்டன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மூன்றும் "வங்கிக் கண…" என்றுதான் தெரியும். எதைத் தட்டினால் பணம் போகும், எதைத் தட்டினால் கணக்கு போகும் என்று ஜோசியம் பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். இப்போது ஆண்ட்ராய்டில் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம், 14-ஆம் பதிப்பிலிருந்து. பெரியவர்களுக்கு நல்லதுதான், ஆனால் அந்த அளவில் தமிழ்ப் பட்டன் எப்படி இருக்கிறது என்று எந்த டீமும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. மேலே கொம்பும் கீழே வாலும் உள்ள எழுத்துகளுக்கு வரி உயரம் போதாமல் "ளூ", "ழூ" எல்லாம் பாதியில் அறுந்து நிற்கும்.

எங்களிடம் வருவது ஒரு எக்செல் தாள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலி. அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது, பட்டனா தலைப்பா, எத்தனை எழுத்து கொள்ளும் என்று ஒன்றும் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட் கேட்டால் "டெட்லைன் நாளைக்கு" என்று பதில் வரும். இந்த நிலையில் நான் செய்வது, எப்படியாவது வினையை முன்னால் கொண்டுவருவது அல்லது ஒரே சொல்லில் முடிப்பது. "அனுப்ப", "பார்க்க", "நீக்க" என்று மட்டும் வைத்துவிட்டு மீதியைப் பக்கத்தின் தலைப்பில் சொன்னால் போதும். சில சமயம் ஒத்துக்கொள்வார்கள்.

அத்தைக்கு நான் சொல்வது: எழுத்தின் அளவை மிதமாகக் கூட்டுங்கள், டிஸ்ப்ளே அளவைத் தொடாதீர்கள். போன் முழுவதையும் தமிழுக்கு மாற்றத் தேவையில்லை, ஆண்ட்ராய்டு 13-லிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக மொழி வைக்கலாம், அந்த ஆப் அதற்கு வசதி கொடுத்திருந்தால். மாற்றிவிட்டு நீங்களே உட்கார்ந்து பட்டன்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடம் கொடுங்கள்.

மாத்தியோசி

எல்லோரும் மாற்றமே பாவம் என்கிற மாதிரி பேசுகிறீர்கள். கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசிவிடுகிறேன்.

யூபிஐயில் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்ததல்லவா? பழைய கட்டில் விற்கிறேன் என்று விளம்பரம் போடுவீர்கள், ஒருவன் போன் செய்து "பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்கோங்க" என்பான். திரையில் வந்தது அவன் அனுப்பிய பணமல்ல, உங்களிடம் பணம் கேட்கும் கோரிக்கை. பின் போட்டதும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். நம்மூரில் எத்தனை பேர் இதில் மாட்டினார்கள்! நீங்கள் மேலே புகழ்ந்த அதே மாறாத பின் பக்கத்தில்தான் அவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் போட்டார்கள். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை என்று வருடக்கணக்காகக் குறுஞ்செய்தி அனுப்பியும் நிற்கவில்லை. கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியையே என்பிசிஐ எடுத்துவிட்டது. அதுவும் மாற்றம்தான். பணம் யாருக்குப் போகிறது என்று காட்டும்போது வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று அதே ஆண்டு கொண்டுவந்ததும் மாற்றம்தான். நம் போனில் "பெரியப்பா" என்று சேமித்திருப்பதை நம்பி அனுப்பாமல் உண்மைப் பெயரைப் பார்த்து அனுப்பலாம்.

வாட்ஸப்பில் எல்லோருக்கும் அழிப்பதற்குப் பதில் அவசரத்தில் நமக்கு மட்டும் அழித்துவிட்டுத் தலையில் கைவைத்திருக்கிறோம், 2022 டிசம்பரில் அதைத் திரும்பப் பெறச் சில நொடி அவகாசம் கொடுத்தார்கள். யாராவது வேண்டாம் என்றார்களா?

படம்வரைபவன்

மாத்தியோசி, பின் பக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். பழகிய இடத்தில் யோசிக்காமல் விரல் போகும், அது நல்லதற்கும் போகும், கெட்டதற்கும் போகும். ஆனால் நீங்கள் சொன்ன மாற்றங்கள் எதிலும் பழைய பட்டன் இருந்த இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று எடுக்கப்பட்டது, ஒன்றில் காட்டும் தகவல் திருந்தியது, ஒன்றில் திரும்பிப் போக வழி கிடைத்தது. நான் சண்டை போடுவது, விரல் பழகிய இடத்தில் வேறு சரக்கை வைப்பதற்கு எதிராகத்தான். அதை அறியாமல் யாரும் செய்வதில்லை, பழக்கத்தில் தட்டுவார்கள் என்று தெரிந்துதான் அந்த இடத்தைக் கேட்கிறார்கள்.

கேட்டுநடப்பவன்

எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் போன். இடத்தை வைத்துப் பயன்படுத்துவது என்று கேள்விக்காரர் எழுதியதைக் கேட்டதும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் நாங்கள் செய்வதும் அதுதான், வரிசையை வைத்து. வலது பக்கம் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் தேர்வு. இத்தனை முறை தள்ளினால் இருப்புத் தொகை என்று கைக்குப் பழகியிருக்கும். நடுவில் புதிதாக ஒரு விளம்பரப் பட்டை வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். அதுவும் தானாக ஓடும் பட்டை என்றால் கேட்கவே வேண்டாம், நான் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது அடுத்ததற்குப் போய்விடும். பட்டனுக்குப் பெயர் கொடுக்காமல் படம் மட்டும் வைத்திருந்தால் "பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன்" என்று வரிசையாகப் படிக்கும். பெயர் கொடுப்பது நிரலில் ஒரு வரி.

செல்ஃபி எடுத்து அடையாளம் சரிபார்க்கும்போது கண்ணை இமைக்கச் சொல்வார்கள், முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்வார்கள். வட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆசிட் வீச்சில் கண் இமை போனவர்கள் எப்படி இமைப்பார்கள்? அப்படிப் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில்தான் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, இந்தச் சரிபார்ப்பு முறைகளை மாற்ற உத்தரவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது, என் வங்கியின் ஆப் இன்னும் வட்டத்துக்குள் வா என்றுதான் சொல்கிறது.

படம்வரைபவன், உங்கள் டீமில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆப்பில் 10 ரூபாய் அனுப்பிப் பார்த்ததுண்டா?

படம்வரைபவன்

இல்லை. வெளியிடுவதற்கு முன் டாக்பேக் வைத்துச் சரிபார்க்கும் பட்டியல் ஒன்று உண்டு, தேதி நெருங்கினால் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

காவிரிக்கரையான்

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. செல்கடை அண்ணா சொன்ன மாதிரி ஸ்கேனை வெளியே இழுத்து வைத்தாயிற்று, கியூஆர் அட்டைகளை இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒட்டுகிறேன். சொல்லடுக்கு சொன்னது நூறு சதவீதம் உண்மை, தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன், முதல் பக்கத்தில் இரண்டு வட்டத்தின் கீழே ஒரே மாதிரி அறுந்த எழுத்து.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆப்பைத் திறந்ததும் கடன் விளம்பரம் திரை முழுக்க வருகிறது, அதில் "இப்போதே பெறுக", "பிறகு நினைவூட்டு" இரண்டுதான் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. இது சட்டப்படி சரியா?

மாத்தியோசி

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது, பயனரை ஏமாற்றும் அல்லது வற்புறுத்தும் 13 வகை டிசைன்களை அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். கேட்காமலே கூடையில் காப்பீடோ நன்கொடையோ சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் காட்டுவது, "இன்னும் இரண்டே சீட்" என்று பொய் அவசரம், சந்தாவை நிறுத்த முடியாதபடி சுற்றவிடுவது எல்லாம் அதில் வரும். நீங்கள் சொல்வதுபோல் வேண்டாம் என்று சொல்ல வழி கொடுக்காமல் திரும்பத் திரும்ப நச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் தனி வகையாகவே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம். ஸ்க்ரீன்ஷாட்டைத் தேதி, நேரம் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள், அடுத்த அப்டேட்டில் அது காணாமல் போய்விடும்.

நிலாமுற்றம்

இடையில் ஒரு கேள்வி. ஐபோனிலும் அந்த ஸ்கேனை அப்படி வெளியே இழுத்து வைக்க முடியுமா? அம்மாவுக்கு அண்ணன் பழைய ஐபோனைக் கொடுத்துவிட்டான்.

ஈரோடு செல்கடை

இல்லைங்க, அதில் அழுத்திப் பிடித்தால் மெனு வரும், வெளியே இழுக்க முடியாது. ஆப்பைக் கீழ் வரிசையில் வைத்து, அழுத்திப் பிடித்து ஸ்கேனைத் தொடச் சொல்லிப் பழக்குங்கள். சில ஆப்களில் ஸ்கேனுக்கென்றே விட்ஜெட் இருக்கிறது, அம்மா எந்த ஆப் வைத்திருக்கிறார் என்று சொன்னால் பார்த்துச் சொல்கிறேன்.